‘ஏதாச்சும் ஆயிடுச்சுன்னா?’: மாற்றுத்திறனாளியை வேலையில் அமர்த்தும்போது ஆபத்தை அளப்பதும் பயிற்சி தருவதும்

திருப்பூர்ப் பக்கம் ஒரு பின்னலாடை யூனிட்டில், காது கேளாத இளைஞர் ஒருவருக்காக வேலை கேட்டுப் போயிருந்தேன். ஹெச்.ஆர். மேலாளர் நல்ல மனிதர். டீ வரவழைத்தார், பையனின் சான்றிதழ்களைப் புரட்டினார், கடைசியில் கேட்டார்: “பையன் நல்லவனாத்தான் தெரியறானுங்க. ஆனா காது கேக்காதுங்களே. பின்னாடி டிராலி வரும். ஏதாச்சும் ஆயிடுச்சுன்னா யாருங்க பதில் சொல்றது?”

“ஒண்ணும் ஆகாதுங்க, நான் பொறுப்பு” என்றேன். மிக மோசமான பதில். டிராலியைத் தள்ளுவது நானா? அந்த ஹாலுக்குள் அதுவரை நான் கால்கூட வைத்ததில்லை. அவரும் அதைப் புரிந்துகொண்டார், சிரித்தபடியே அனுப்பிவைத்தார். வேலை கிடைக்கவில்லை.

அவருடைய கேள்வி நியாயமானது, அதற்கு ஒழுங்கான விடையும் உண்டு என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. ஆபத்து ஆளிடம் இல்லை. அவர் செய்யப்போகும் வேலைக்கும் அது நடக்கும் இடத்துக்கும் நடுவில் இருக்கிறது. அங்கே போய் நின்று பார்த்தால் அளக்கலாம், அளந்தால் பெரும்பாலும் குறைக்கலாம். சமூகப் பணி படித்துவிட்டு வேலைவாய்ப்புப் பக்கம் வந்திருப்பவர்களுக்கும், நிறுவனத்துக்குள் இருந்து இதைச் செய்ய நினைக்கும் ஹெச்.ஆர். நண்பர்களுக்கும் நான் பின்பற்றும் வரிசையை எழுதுகிறேன்.

படி 1: சட்டத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், மேசையில் தூக்கிப் போடாதீர்கள்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்து, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. பழைய 1995 சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான் இருந்தன, இதில் 21. அரசு வேலைகளில் 4 சதவீத ஒதுக்கீடு உண்டு. தனியாருக்கு ஒதுக்கீடு கிடையாது. பணியாளர்களில் 5 சதவீதமாவது மாற்றுத்திறனாளிகளாக இருக்கும்படி அரசு ஊக்கத்தொகை போன்றவற்றைத் தரலாம் என்பதோடு சட்டம் நின்றுவிடுகிறது.

ஆனால் தனியாரையும் தொடுகிற ஒரு பிரிவு இருக்கிறது, பலருக்கு அது தெரியாது. ஒவ்வொரு நிறுவனமும் ‘சம வாய்ப்புக் கொள்கை’ ஒன்றை எழுதி வெளியிட வேண்டும் என்கிறது 21-ஆம் பிரிவு. 20 பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற இடமென்றால் எந்தெந்த வேலைகள் பொருந்தும், தேர்வு எப்படி, பயிற்சி எப்படி, என்னென்ன வசதிகள், தொடர்பு அலுவலர் யார் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும் என்று 2017 விதிகள் கேட்கின்றன. நான் போன யூனிட்டுகள் பலவற்றில் அந்தக் கொள்கை இல்லை. இருந்த இடங்களில் இணையத்திலிருந்து எடுத்து ஒட்டியது. அதைச் சுட்டிக்காட்டி மிரட்டினால் கதவு அடைபடும். “எழுதித் தர உதவட்டுமாங்க?” என்று கேட்டால் திறக்கும்.

பாதுகாப்பு பற்றிய பேச்சுக்குச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு முக்கியம். குறைபாட்டைக் காரணமாக்கிப் பாகுபாடு காட்டக் கூடாது. ஒரு நியாயமான நோக்கத்துக்காக, அந்த நோக்கத்தின் அளவுக்கே உட்பட்ட நடவடிக்கை என்று காட்ட முடிந்தால் மட்டும் விலக்கு. பாதுகாப்பு நியாயமான நோக்கம்தான். ஆனால் “காது கேளாதவர் யாருமே உற்பத்திப் பிரிவுக்குள் வரக் கூடாது” என்பது அந்த அளவைத் தாண்டிவிடுகிறது. தடை போடுவதற்கு முன் இடத்தையும் முறையையும் மாற்றிப் பார்த்தீர்களா என்பதே கேள்வி. இந்த மாற்றத்தைத்தான் சட்டம் ‘நியாயமான வசதி’ என்கிறது; நிறுவனத்தின் மேல் அளவுக்கு மீறிய சுமையாக இல்லாத வரை அதைச் செய்ய வேண்டும்.

“யார் பதில் சொல்வது” என்பதற்கு நேரடி விடையும் இருக்கிறது. இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் இருக்கும் தொழிலாளிக்கு வேலையில் அடிபட்டால், முதல் நாள் வேலைக்கு வந்தவராக இருந்தாலும், தற்காலிக ஊனப் பலனாகச் சராசரி தினக்கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். மாற்றுத்திறனாளிக்கும் அதேதான், தனிக் கணக்கு எதுவும் இல்லை. சொல்லப்போனால் பொதுவாக 21,000 ரூபாய் என்று இருக்கும் மாதச் சம்பள வரம்பு இவர்களுக்கு 25,000. இதைச் சொன்னதும் மேலாளரின் முகத்தில் இறுக்கம் குறைவதைப் பார்த்திருக்கிறேன்.

படி 2: முதலில் ஆளோடு உட்காருங்கள்

அம்மாவோடு அல்ல, அண்ணனோடு அல்ல. சைகை மொழி தேவையென்றால் பெயர்ப்பாளரை வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு ஆட்கள் பெயர்க்கும்போது “அவனுக்கு நைட் ஷிப்ட் வேண்டாம்” என்பது அவர் சொன்னதா அம்மா சொன்னதா என்று கடைசி வரைக்கும் தெரியாது.

மாற்றுத்திறனாளிக்கு அரசு தரும் தனித்துவ அடையாள அட்டையில் இருக்கும் குறைபாட்டுச் சதவீதம் இந்த வேலைக்கு அநேகமாகப் பயன்படாது. 40 சதவீதம் என்பது சலுகைகளுக்கான வாசல்படி, அவ்வளவுதான். இரண்டு பேருக்கும் 60 சதவீதம் இருக்கலாம். ஒருவர் படி ஏறுவார், இன்னொருவரால் முடியாது. மருத்துவப் படிப்பு தொடர்பான ஒரு வழக்கில் 2024-இல் உச்ச நீதிமன்றமும் இதைத்தான் சொன்னது: சதவீதத்தை மட்டும் வைத்து ஒருவரைத் தகுதியற்றவர் என்று தள்ளக் கூடாது, அவரால் எதைச் செய்ய முடியும் என்று பார்க்க வேண்டும்.

அதனால் நோயின் பெயரை விட்டுவிட்டு இப்படிக் கேளுங்கள். எவ்வளவு நேரம் தொடர்ந்து உட்கார முடியும், நிற்க முடியும்? எந்த வெளிச்சத்தில் கண் கூசும்? மருந்து எத்தனை மணிக்கு, சாப்பிட்ட பிறகு தூக்கம் வருமா? கழிப்பறைக்கு எத்தனை மணிக்கு ஒருமுறை, என்ன வசதி வேண்டும்? முந்தைய வேலையில் எது பயமாக இருந்தது? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலில்தான் எனக்கு அதிகமான விஷயம் கிடைத்திருக்கிறது.

பேசி முடித்ததும் ஒரு தாளை மூன்றாக மடியுங்கள். சூப்பர்வைசருக்குத் தெரிய வேண்டியது, ஹெச்.ஆர்.-க்கு மட்டும், உங்களுக்குள் மட்டும். எதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்பதை அவரே முடிவு செய்யட்டும், அவரே கையெழுத்துப் போடட்டும். சூப்பர்வைசருக்கு “மதியம் 2 மணிக்கு மாத்திரை, பத்து நிமிடம் இடைவேளை” என்பது போதும். மனச்சிதைவு என்ற சொல் லைனுக்குப் போனால் அன்று சாயங்காலமே பேருந்து நிறுத்தம் வரை போய்விடும்.

மருத்துவரிடம் கேட்கும்போதும் இதே கவனம் வேண்டும். “இவர் ஃபிட்டா?” என்று கேட்டால் பாதுகாப்பாக “இல்லை” என்று எழுதிக் கொடுப்பார், யாராக இருந்தாலும் அப்படித்தான். “8 மணி நேரம் உட்கார்ந்து துணி பார்க்கும் வேலை, சூடு 35 டிகிரிக்கு மேல் போகும், இந்த மருந்தோடு என்ன கவனிக்க வேண்டும்?” என்று கேட்டால் உபயோகமான பதில் வரும்.

படி 3: ஹாலில் அரை நாள் நில்லுங்கள்

இதைத் தவிர்த்துவிட்டு மீதியெல்லாம் செய்தாலும் பிரயோஜனம் இல்லை. அந்த இளைஞருக்காக இரண்டு மாதம் கழித்து இன்னொரு யூனிட்டில் செக்கிங் வேலைக்குப் பேசினேன். இந்த முறை அனுமதி வாங்கிக்கொண்டு காலை 9 மணிக்கே போய் செக்கிங் மேசைக்குப் பக்கத்தில் நின்றேன்.

பத்து மணிக்குள் ஒன்று புலப்பட்டது. பவர்டேபிளில், அதாவது தையல் வரிசையில், எல்லா மிஷினும் ஓடும்போது அந்த ஹாலில் யாருக்குமே டிராலி வரும் சத்தம் கேட்கவில்லை. பீஸ் மூட்டையோடு டிராலி வந்தபோது, காது நன்றாகக் கேட்கும் கைமடி அக்கா (டெய்லருக்குக் கைவேலை உதவி செய்பவர்) ஒருவர் இரண்டு முறை கடைசி நொடியில் ஒதுங்கினார். டிராலி ஆபத்து அங்கே ஏற்கெனவே எல்லோருக்கும் இருந்தது. காது கேளாதவர் வருகிறார் என்றதும்தான் அது கண்ணுக்குத் தெரிந்தது.

நிற்கும்போது வேலையைத் துண்டு துண்டாக எழுதுங்கள். பீஸ் கட்டு ஒன்றை எடுப்பது, அவிழ்ப்பது, பீஸை விரிப்பது, கழுத்து, தோள், கை, அடிமடிப்பு பார்ப்பது, உள்பக்கம் திருப்புவது, பிசிறு வெட்டுவது, டேமேஜ் இருந்தால் ஸ்டிக்கர் ஒட்டித் தனியாகப் போடுவது, எண்ணிக் கட்டுவது, ஸ்லிப் எழுதுவது. ஒவ்வொரு துண்டுக்கும் எதிரே என்ன தேவை என்று குறியுங்கள்: பார்வையா, விரல் நுனியா, நிற்பதா, யாரோடாவது பேசுவதா. செக்கிங்கில் காது தேவைப்பட்ட ஒரே இடம், சூப்பர்வைசர் கூப்பிடும் இடம். அதற்கு ஒரு சிறு விளக்கு போதும்.

கழிப்பறை வரைக்கும் நடந்து பாருங்கள், கேன்டீனுக்கும் போங்கள். சக்கர நாற்காலியில் வரும் பெண்கள் கழிப்பறை சரியில்லாததால் தண்ணீரே குடிக்காமல் நாளைக் கடத்துவது வழக்கம். அதில் வரும் சிறுநீர்த் தொற்று வேலையிடத்தால் வந்த ஆபத்து, எந்த விபத்துப் பதிவேட்டிலும் அது இருக்காது. சாய்தளம் 12 அடி நீளத்துக்கு 1 அடிக்கு மேல் ஏறக் கூடாது என்பதை மனதில் வைத்துக்கொண்டு டேப்பை எடுத்து அளந்துவிடுங்கள். “ரேம்ப் இருக்குங்க” என்று காட்டப்பட்டவற்றில் சில, சரக்கு ஏற்றுவதற்குப் போட்டவை.

படி 4: ஆபத்து அட்டவணை

ஒரு தாள் போதும். ஆபத்து என்ன, யாருக்கு, இப்போது என்ன தடுப்பு இருக்கிறது, என்ன மாற்ற வேண்டும், யார் மாற்றுவார், எந்தத் தேதிக்குள். நிகழ வாய்ப்புக்கு 5 மதிப்பெண், பாதிப்புக்கு 5 மதிப்பெண் என்று பெருக்கிப் போடும் முறை பல நிறுவனங்களில் இருக்கும். கேட்டால் நிரப்பிக் கொடுங்கள். என் அனுபவத்தில் அந்த எண்ணைவிட ‘யார், எந்தத் தேதிக்குள்’ என்ற இரண்டு கட்டங்கள்தான் உயிரைக் காக்கும்.

மாற்றங்களை யோசிக்கும்போது வரிசை முக்கியம். முதலில் ஆபத்தையே எடுத்துவிட முடியுமா, அடுத்து இடத்தைப் பிரிக்க முடியுமா, பிறகு வேலை முறையை மாற்ற முடியுமா, கடைசியில்தான் கையுறை, காலணி. டிராலி விஷயத்தில் நாங்கள் செய்தது: மேசையை நடைபாதையை விட்டு நகர்த்தி, உட்காருபவர் முகம் பாதையைப் பார்க்கும்படி திருப்பினோம். தரையில் மஞ்சள் கோடு. டிராலி ஒரு திசையில் மட்டும். செலவு பெயிண்டுக்கு மட்டும்தான்.

எல்லாமே இவ்வளவு சுலபம் இல்லை. பொதுவாகக் கவனிக்காமல் விடுபடும் சில:

காது கேளாதவருக்கும் சத்தத்திலிருந்து பாதுகாப்பு வேண்டும். பலருக்கு மிச்சக் கேட்கும் திறன் இருக்கும். “உனக்குத்தான் கேக்காதே” என்று காதடைப்பான் தராமல் விட்டால் இருப்பதும் போய்விடும்.

தொழுநோயிலிருந்து குணமானவர்களுக்குக் கையிலும் காலிலும் உணர்ச்சி குறைவாக இருக்கலாம். அயர்னிங்கில் சுட்டது தெரியாது, செருப்புக்குள் கல் இருப்பது தெரியாது. வெப்பம் தாங்கும் கையுறையோடு, ஷிப்ட் முடிந்ததும் பாதத்தைக் கண்ணால் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

முதுகுத்தண்டு அடிபட்டவர்களில் பலருக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழே வியர்க்காது, வெயில் காலத்தில் உடல் சூடு சட்டென ஏறும். உட்கார்ந்தே இருந்தால் படுக்கைப்புண் வரும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை கையை ஊன்றி எழும்பி எடையை மாற்ற வேண்டும். பீஸ் ரேட்டில், அதாவது முடிக்கும் பீஸுக்கு இவ்வளவு என்ற கூலியில், வேலை செய்யும் ஆள் இதைச் செய்யவே மாட்டார். ஆக ஆபத்து பீஸ் ரேட்டில் இருக்கிறது, அதைப் பேசித் தீர்க்க வேண்டும்.

லித்தியம் மாத்திரை சாப்பிடுபவர் சூடான அறையில் வியர்த்து, தண்ணீர் குடிக்காமல் இருந்தால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி விஷமாகலாம். அவருக்குத் தண்ணீர் பாட்டிலும் காற்றோட்டமான இடமும் மருத்துவத் தேவை. இரவில் தூக்கம் வரவைக்கும் மருந்து எடுப்பவரை நைட் ஷிப்டில் போடாதீர்கள்.

வலிப்பு உள்ளவருக்கு உயரம், கட்டிங் மிஷின், பாய்லர் பக்கம் வேண்டாம். பேக்கிங், செக்கிங், அலுவலக வேலைக்குப் பெரும்பாலும் தடை இல்லை. பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியது: கையில் இரும்பைத் திணிக்காதீர்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள், 5 நிமிடம் தாண்டினால் 108. சாவிக்கொத்தோடு ஓடிவருபவர் எல்லா யூனிட்டிலும் ஒருவராவது இருப்பார்.

அறிவுசார் குறைபாடு உள்ளவர் விஷயத்தில் நான் அதிகம் பயப்படுவது மிஷினுக்கு அல்ல. “இன்னைக்கு ஆள் இல்ல, நீ போய் அயர்னிங்ல நில்லு” என்கிற ஒரு வாக்கியத்துக்குத்தான். பழகாத இடத்துக்குத் திடீரென மாற்றுவது. அதனால் அட்டவணையின் தலையில் “இந்த மேசைக்கு மட்டும்” என்று எழுதி, இடம் மாற்றினால் அட்டவணையையும் புதிதாகப் போட வேண்டும் என்று கையெழுத்து வாங்குங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஆபத்தைக் குறைத்துக் குறைத்து, ஆளை ஒரு மூலையில் ஸ்டிக்கர் ஒட்ட வைத்துவிடவும் முடியும். 1972-இலேயே ராபர்ட் பெர்ஸ்கி என்ற அமெரிக்கர் ‘ஆபத்தின் கண்ணியம்’ பற்றி எழுதினார்: எல்லா ஆபத்திலிருந்தும் ஒருவரைக் காப்பது அவரைச் சிறுமைப்படுத்துவதும்கூட. டெய்லராக விரும்பும் ஆளிடம் ஊசி குத்தும் என்று சொல்லிப் பிசிறு வெட்டவே வைப்பது அந்த வகை. ஊசி எல்லா டெய்லருக்கும் குத்தும்.

படி 5: தீ

தனித் தாள் வேண்டும். யார், எந்தப் பாதை, யார் உதவி, எங்கே கூடுவது. காது கேளாதவருக்கு ஒளிரும் அலார விளக்கு ஹாலில் இருந்தால் மட்டும் போதாது, கழிப்பறையிலும் வேண்டும். தனியாக இருக்கும் இடம் அதுதானே. துணை ஆள் ஒருவரைப் போடாதீர்கள், இருவரைப் போடுங்கள், ஒருவர் லீவில் இருக்கும் நாளில்தான் எல்லாம் நடக்கும். மாடியில் சக்கர நாற்காலியா? லிஃப்ட் ஓடாது என்று வைத்துக்கொண்டு யோசியுங்கள். விடை கிடைக்கவில்லை என்றால் வேலை தரைத்தளத்துக்கு வர வேண்டும். தாளில் எழுதியதை ஒருமுறை எல்லோருமாகச் செய்து பாருங்கள். நாங்கள் செய்து பார்த்தபோது பின்வாசல் பூட்டியிருந்தது.

படி 6: பயிற்சி, இரண்டு பக்கமும்

பழைய வழக்கம் முதலில் மையத்தில் மாதக்கணக்கில் பயிற்சி, பிறகு வேலை. மெழுகுவத்தி, காகிதப் பை செய்யக் கற்றுக்கொண்டு எந்த வேலைக்கும் போகாமல் அங்கேயே வயதானவர்கள் உண்டு. இப்போது உலகம் முழுக்க முன்னிறுத்தப்படுவது இதைத் தலைகீழாக்கும் முறை: முதலில் வேலையில் அமர்த்து, அங்கேயே கற்றுக்கொடு. இந்த எண்ணத்துக்கு வழிபோட்டவர்களில் அமெரிக்கரான மார்க் கோல்ட் முக்கியமானவர். கடுமையான அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்குச் சைக்கிள் பிரேக்கின் பாகங்களைக் கோக்கக் கற்றுக்கொடுத்துக் காட்டினார். வேலையைச் சின்னத் துண்டுகளாகப் பிரிப்பதுதான் அவருடைய வழி.

மூன்றாம் படியில் எழுதிய துண்டுகள் இங்கே கைகொடுக்கும். ஒரு துண்டை நீங்கள் செய்து காட்டுங்கள், அவர் செய்யட்டும், தேவையானால் சைகை, அதற்கும் மேல் தேவையானால் அனுமதி கேட்டுக் கை பிடித்து. பிறகு உதவியைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிடுங்கள். எடுப்பதுதான் கஷ்டம், பயிற்சியாளர் பக்கத்தில் நின்றால்தான் வேலை ஓடும் என்ற நிலைக்குப் பலர் வந்துவிடுகிறார்கள். எந்தத் துண்டு எந்தத் தேதியில் தனியாகச் செய்தார் என்று குறித்து வைத்தால் நீங்கள் எப்போது விலகுவது என்று தாளே சொல்லும். பயிற்சிக் காலச் சம்பளத்தை முதல் நாளே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

பாதுகாப்புப் பயிற்சியை விட்டுவிடக் கூடாது. எல்லோருக்கும் காட்டும் அதே வீடியோவைக் காது கேளாதவருக்கும் போட்டுவிட்டுக் கையெழுத்து வாங்குவது பயிற்சி அல்ல. கேள்வி கேட்காதீர்கள், செய்து காட்டச் சொல்லுங்கள்: “அலாரம் எரிந்தால் எங்கே போவீர்கள், போய்க் காட்டுங்கள்.”

அப்புறம் மற்ற பக்கம். சூப்பர்வைசருக்கும் அந்த லைனில் இருப்பவர்களுக்கும் இரண்டு மணி நேரம் போதும். கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்கும் விளையாட்டு வேண்டாம் என்பது என் கருத்து. ஐந்து நிமிடம் தடுமாறிவிட்டு, பார்வையற்றவர் வாழ்க்கை பயங்கரம் என்ற முடிவோடு எழுந்துபோகிறார்கள். பதிலுக்கு இருபது சைகைகள் கற்றுக்கொடுங்கள்: நிறுத்து, ஆபத்து, டேமேஜ், அளவு, சாப்பாடு, சம்பளம். அந்த இளைஞரையே ஆசிரியராக்குங்கள். எங்கள் யூனிட்டில் கைமடி அக்காக்கள்தான் முதலில் கற்றுக்கொண்டார்கள், சூப்பர்வைசரைப் பற்றி அவருக்கு முன்னாலேயே சைகையில் பேச வசதியாக இருந்தது அவர்களுக்கு.

பயிற்சிக்கு ஆள் தேவையென்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் தொடங்குங்கள். பல்வகைக் குறைபாடு என்றால் முட்டுக்காட்டில் இருக்கும் தேசிய நிறுவனம் இருக்கிறது.

படி 7: வாசலுக்கு வெளியே

வேலையிடம் சரியாக இருந்தும் பலர் நின்றுபோவது பேருந்தால்தான். முதல் வாரம் கூடவே பயணம் செய்யுங்கள். விடுதியில் தங்கும் பெண் என்றால் அறையையும் பாருங்கள், இரவில் யாரிடம் சொல்வது என்பதையும் முடிவு செய்யுங்கள். பாலியல் தொந்தரவு பற்றிய உள்புகார்க் குழு 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எல்லா இடத்திலும் இருந்தாக வேண்டும். பேச முடியாத பெண் அந்தக் குழுவிடம் எப்படிச் சொல்வார்? சைகை மொழி தெரிந்த, நிறுவனத்தில் வேலை செய்யாத ஒருவரை முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள்.

படி 8: முதல் 90 நாளும் உங்கள் நிலையும்

முதல் வாரம் தினமும், முதல் மாதம் வாரம் ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை. அவரைத் தனியாகப் பாருங்கள், சூப்பர்வைசரைத் தனியாகப் பாருங்கள். மயிரிழையில் தப்பிய சம்பவங்களைக் கேளுங்கள், அடிபட்டதை மட்டும் அல்ல. மருந்து மாறினால், மேசை மாறினால், சூப்பர்வைசர் மாறினால் அட்டவணையை மீண்டும் போடுங்கள். நடத்தையில் மாற்றம் தெரிந்து மெமோ கொடுக்கப் போகிறார்கள் என்றால் நடுவில் புகுந்து பேசுங்கள். மனநலப் பாதிப்பு உள்ள மத்திய ரிசர்வ் போலீஸ் படை அதிகாரி மீதான ஒழுங்கு நடவடிக்கையே பாகுபாடாக அமையும் என்று 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

உங்களுக்கு இரண்டு எஜமானர்கள் என்பதையும் மறைக்காதீர்கள். ஆள் நம்பிச் சொன்னதை நிறுவனத்திடம் சொல்லக் கூடாது. ஆனால் மருந்தை நிறுத்திவிட்டு துணி வெட்டும் பேண்ட் நைஃப் மிஷினில் நிற்கிறார் என்று தெரிந்தால் சும்மா இருக்கவும் முடியாது. “உயிருக்கு ஆபத்து என்றால் நிறுவனத்திடம் சொல்வேன், அதற்கு முன் உங்களிடம் சொல்லிவிட்டுச் சொல்வேன்” என்று அவரிடம் முதல் சந்திப்பிலேயே தெரிவித்து எழுதி வையுங்கள். எல்லா மாற்றமும் செய்த பிறகும் ஆபத்து பெரிதாக நின்றால், அந்த மேசை வேண்டாம் என்று நீங்களே சொல்லுங்கள். நானும் இரண்டு முறை சொல்லியிருக்கிறேன், இரண்டு முறையும் வேறு மேசை கேட்டு வாங்கினேன்.

வேலை நிலைக்காமல் போவதும் உண்டு. அப்போது “ஒத்துவரலை” என்று கோப்பை மூடாமல், எந்தத் துண்டில் நின்றது, எந்த மாற்றம் தேதி தவறியது என்று எழுதுங்கள். பி.எஃப்., பாக்கிச் சம்பளம் எல்லாம் கைக்கு வந்ததா பாருங்கள். ஒரு மாதம் கழித்து வீட்டுக்குப் போய் மறுபடி உட்காருங்கள், இரண்டாம் படியில் கேட்ட கடைசிக் கேள்வியோடு.